பார்சியும் வடமொழியும் கலந்த வழியில் நம்மவர் பங்கு



நாம் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அன்றாடம் வழங்கும் மலாய்ச் சொற்களைச் சற்றுக் கவனிப்போமாக. சந்தையைப் 'பாசார்' என்கிறோம். அது 'பாஜார்' என்னும் பார்சிச் சொல். பெருவணிகரைக் குறிக்கும் 'சௌடாகர்' என்பதும் பார்சியே. மலாய் முஸ்லிம்கள் நோன்பைப் 'புவாசா' என்பர். அது 'உபவாசம்' என்னும் வடசொல்லின் வழி வந்தது. 'கெடாய்' நம் கடை. 'மோடால்' நம் முதல். ஒரே தெருவில் இத்தனை மொழிகளும் பிணக்கின்றி வாழ்கின்றன. இக்கலப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய ஒரு நூலின் வரலாறே போதும்.

அந்நூல் பஞ்சதந்திரம். வடமொழியில் எழுந்த இக்கதைகளைப் பாரசீக மன்னர் நௌஷேர்வான் (531-579) காலத்தில் புர்ஸோயே என்னும் மருத்துவர், பழைய பார்சியாகிய பஹ்லவியில் பெயர்த்தார். நம் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்ததும் இம்மன்னர் காலத்திலேயாம். எட்டாம் நூற்றாண்டில், பாரசீகரான இப்னுல் முகஃப்பஃ அதனை அரபியாக்கினார். கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளே அங்குக் 'கலீலா, திம்னா' ஆயின. நூலுக்கும் அதுவே பெயராயிற்று. அரபியிலிருந்து அது மீண்டும் பார்சிக்குச் சென்றது. 1588-இல் அக்பர் அவையைச் சேர்ந்த அபுல் பஸல் அதனை எளிய பார்சியில் எழுதினார். இந்தியாவில் பிறந்த கதை, பார்சி உடையில் இந்திய அரசவைக்கே வந்து சேர்ந்தது!

இக்கதைகள் மலாய்க்கு வந்த வழிகளுள் ஒன்று தமிழ்வழி. மலாக்காவில் 1796-இல் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. கோலாலம்பூரில் அவர் பெயரால் ஒரு சாலையே உண்டு. எமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணம் புரிந்த அரபி ஒருவரின் வழித்தோன்றல் அவர். இளமையில் அவரைத் தந்தையார் தமிழ் கற்க அனுப்பினார். கணக்குக்கும் வாணிபத்துக்கும் தமிழ் வேண்டும் என்று வசதியுள்ள குடும்பத்தார் தம் மக்களைத் தமிழ் படிக்க வைப்பது அக்கால மலாக்கா வழக்கம். கணக்குக்காகக் கற்ற தமிழ் கலைக்கும் பயன்பட்டது. 1835-இல் தமிழ் நண்பர் ஒருவர் துணையுடன் அவர் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார்.

இதில் நமக்குள்ள பாடம் யாது? புர்ஸோயேயும் இப்னுல் முகஃப்பஃவும் அப்துல்லாவும் இரு மொழி அறிந்தவர்கள். ஒரு மொழியைக் கைவிட்டிருந்தால் அவர்களால் எதனையும் எவருக்கும் கொடுத்திருக்க முடியாது. பிறர் சொல்லை ஏற்றதால் மலாய் முஸ்லிம்களின் நோன்பு குறைந்துவிடவில்லை. தமிழில் 'தொழுகை' என்பதால் நம் தொழுகையும் குறைந்துவிடாது. ஆனால் நம் பிள்ளைகளிற் பலர் இன்று தமிழைப் பேசுகின்றனரே அன்றிப் படிக்க அறியார். இந்நிலை நீடித்தால், கொடுப்பதற்கு நம் கையில் என்ன இருக்கும்?

பெற்றோர்களே! இன்றிரவு கடை அடைத்து வீடு சென்றதும், பஞ்சதந்திரக் கதை ஒன்றைப் பிள்ளைக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நாளை அதே கதையை அவன் மலாயில் சொல்லட்டும். அடுத்த வாரம் அவனே தமிழில் வாசிக்கட்டும்.