வீரனா, மந்திரவாதியா? கேம் கேரக்டர்களை வகை பிரிப்போம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு கேமும் உள்ளே வந்துவிடும். சின்னசேலத்தில் இருக்கும் என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "மாமா, நான் மந்திரவாதியைத்தான் எடுத்தேன். மூணு தடவையும் முதல் சண்டையிலேயே செத்துட்டான். கேம்ல ஏதோ கோளாறு" என்றான்.

கோளாறு கேமில் இல்லை. படத்தைப் பார்த்து கேரக்டரைத் தேர்ந்தெடுத்தது அவன் செய்த தவறு. அடுத்த முறை ஊருக்குப் போனபோது இருவரும் உட்கார்ந்து கேரக்டர்களை வகை பிரித்து ஒரு அட்டவணை தயாரித்தோம். அதையே இங்கு பாடமாகத் தருகிறேன். கேம் விளையாடாதவர்களும் படிக்கலாம். கடைக் கணக்கோ, மாணவர் பட்டியலோ, எதை அட்டவணையில் போட்டாலும் இதே விதிகள்தான்.

கிளாஸ் என்றால் என்ன?

ஒரு பாத்திரமாக மாறி விளையாடும் கேம்களை ரோல் பிளேயிங் கேம் என்கிறோம். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" இவற்றுக்கு முன்னோடி. அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. பேப்பரும் பகடையும் போதும். அதில் மூன்று கிளாஸ்கள் இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. 1975ல் நான்காவதாகத் திருடன் சேர்ந்தான். பிறகு இந்த முறை கம்ப்யூட்டருக்கு வந்தது. 1996ல் வந்த டயாப்லோவில் மூன்று கிளாஸ்கள். 2004ல் வந்த வேர்ல்ட் ஆப் வார்கிராப்டில் தொடக்கத்தில் ஒன்பது.

கிளாஸ் என்பது வெறும் பெயர் அல்ல. அந்தக் கேரக்டரால் எது முடியும், எது முடியாது என்று சொல்லும் விதி. முதல் கேமிலேயே மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது. ஆயுதம் என்றால் குத்துவாள் மட்டும்தான். பூசாரி கூர்முனை ஆயுதம் எடுக்கக் கூடாது. ஏன் இந்தத் தடைகள்? எல்லாம் தெரிந்த ஒருவன் இருந்தால் மற்றவர்களுக்கு வேலை இல்லை. ஒருவரின் குறையை இன்னொருவர் நிரப்பும்போதுதான் குழு உருவாகிறது.

நம் ஊர் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி வந்தால் அது வீர வேஷம் என்று தூரத்திலேயே தெரியும். கட்டியக்காரன் போர் செய்ய மாட்டான். ஆனால் ராஜாவையே கிண்டல் செய்வான், நம்மோடும் நேராகப் பேசுவான். அது மற்ற வேஷங்களுக்கு இல்லாத சக்தி.

நான்கு வேலைகள்

கேமுக்குக் கேம் பெயர்கள் மாறும். என்ன வேலை செய்கிறார் என்று பார்த்தால் பெரும்பாலான கிளாஸ்களை நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம்.

1. தாங்குபவர்: முன்னால் நின்று அடியை வாங்குவார். உயிர்ப் புள்ளிகள் அதிகம்.
2. அடிப்பவர்: எதிரியை வேகமாக வீழ்த்துவார். அவரும் சீக்கிரம் வீழ்வார். நம் மந்திரவாதி இந்த வகை.
3. குணப்படுத்துபவர்: கூட இருப்பவர்களின் காயத்தை ஆற்றுவார்.
4. தடுப்பவர்: எதிரியின் வேகத்தையோ பலத்தையோ குறைப்பார்.

பயிற்சிக்கு "பேட்டில் பார் வெஸ்நாத்" என்ற கேமை எடுத்துக்கொண்டோம். 2003ல் டேவிட் ஒயிட் தொடங்கிய இந்த ஓப்பன் சோர்ஸ் கேம் இலவசமாகக் கிடைக்கிறது. முழுமையான ரோல் பிளேயிங் கேம் அல்ல, படை நடத்தும் கேம். ஆனால் ஒவ்வொரு வீரரும் அனுபவம் பெற்று அடுத்த நிலைக்கு உயர்வதால் நம் பாடத்துக்குப் பொருந்தும்.

அட்டவணை போடுவோம்

லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இருந்தால் அதுவும் சரி.

படி 1: முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: பெயர், இனம், வேலை, பலவீனம்.

படி 2: ஒரு கேரக்டருக்கு ஒரு படுக்கை வரிசை. ஒரு செல்லில் ஒரே ஒரு தகவல். அக்கா மகன் முதலில் "மனித மந்திரவாதி, அடிப்பான்" என்று ஒரே செல்லில் எழுதிவிட்டான். அப்படி எழுதினால் கம்ப்யூட்டரால் சரியாகப் பிரித்துத் தர முடியாது.

படி 3: ஒருவருக்கே இரண்டு மூன்று சக்திகள் இருக்கும். அவற்றை ஒரே செல்லில் திணிக்காதீர்கள். இரண்டாவது ஷீட்டில் பெயர், சக்தி என்று இரண்டு தலைப்புகள் போட்டு, ஒரு சக்திக்கு ஒரு வரிசை எழுதுங்கள். வெஸ்நாத்தின் ஷாமன் கூட்டாளியைக் குணப்படுத்துவார், எதிரியை மந்தமாக்கவும் செய்வார். அவருக்கு இரண்டு வரிசைகள். முதல் ஷீட்டில் வேலைக்கு நேராக, அவரை எதற்கு முக்கியமாகப் பயன்படுத்துகிறீர்களோ அதை மட்டும் எழுதுங்கள்.

படி 4: "வேலை" என்ற நெட்டு வரிசையில் செல்களைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் வேலிடிட்டி செல்லுங்கள். லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து நான்கு வேலைகளையும் வரிக்கு ஒன்றாக டைப் செய்து ஓகே கொடுங்கள். இனி அந்தச் செல்லில் கிளிக் செய்தால் பட்டியல் விரியும். எழுத்துப் பிழைக்கு இடமில்லை.

படி 5: தலைப்பில் கிளிக் செய்து, டேட்டா மெனுவில் ஆட்டோபில்டர் கொடுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எல் ஆகிய மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினாலும் வரும். தலைப்பின் ஓரத்தில் தோன்றும் அம்புக்குறியை அழுத்தி "குணப்படுத்துபவர்" மட்டும் கேளுங்கள். மனித இனத்தின் வெள்ளை மந்திரவாதியும் எல்ப் இனத்தின் ஷாமனும் சேர்ந்து வருவார்கள்.

இனமும் வேலையும் ஒன்றா?

இந்த இடத்தில் பையன் கேட்டான்: "மாமா, இனத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுப்பாங்களா?"

நல்ல கேள்வி. பழைய கேம்கள் அப்படித்தான் செய்தன. 1974ன் விதிப்படி குள்ளர் இனத்தவர் போர்வீரன் மட்டுமே ஆகலாம். அதிலும் ஆறாம் நிலைக்கு மேல் உயர முடியாது. மனிதனுக்கு அந்தத் தடை இல்லை. 1981ல் வந்த அதன் பேசிக் பதிப்பில் "குள்ளர்" என்பதே ஒரு கிளாஸ் ஆகிவிட்டது. பிறப்பும் தொழிலும் ஒரே செல்லில்! 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் எந்த இனத்தவரும் எந்தக் கிளாஸும் எடுக்கலாம், எவ்வளவும் உயரலாம் என்று விதி மாறியது.

நம் பாரதத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. வில் போட்டியில் அர்ச்சுனனுக்கு எதிராகக் கர்ணன் இறங்கியதும் கிருபர் அவன் குலத்தைக் கேட்கிறார். கேட்க வேண்டியது வில் வித்தை, பார்த்ததோ வேறு நெட்டு வரிசை. துரியோதனன் அவனை அங்க நாட்டு அரசனாக்குகிறான். போருக்கு முன் பீஷ்மர் வீரர்களை அதிரதர், மகாரதர் என்று தரம் பிரிக்கும்போது கர்ணனை அர்த்தரதன், அதாவது அரைத் தேர்வீரன் என்கிறார். அங்கே அவர் சொல்லும் காரணம் குலம் அல்ல. கவச குண்டலம் போய்விட்டது, பரசுராமர் சாபம் இருக்கிறது என்கிறார். அது சக்திக் கணக்கு. ஆனால் முன்பு குலத்தைச் சொல்லி அவமானப்பட்டவன் காதில் அது கணக்காக விழவில்லை. பீஷ்மர் விழும்வரை போர்க்களத்துக்கே வர மறுத்துவிட்டான்.

வீட்டுப் பயிற்சி

புதிய ஷீட்டில் பாரதப் பாத்திரங்கள் பத்துப் பேரை எழுதுங்கள். தலைப்புகள்: பெயர், பிறப்பு, ஆயுதம். நாங்களும் செய்து பார்த்தோம். கர்ணனுக்கு நேராகப் பிறப்பில் என்ன எழுதுவது என்று பையன் திணறினான். தேரோட்டி மகனா, குந்தி மகனா, சூரியன் மகனா? ஆயுதத்தில் திணறவே இல்லை. "வில்" என்று பில்டர் செய்ததும் அர்ச்சுனனும் கர்ணனும் ஒரே பட்டியலில் வந்தார்கள். "இப்ப சரியா இருக்கு மாமா" என்றான்.

எதற்காக ஆளைத் தேடுகிறோமோ அந்த நெட்டு வரிசையில்தான் பில்டர் போட வேண்டும். உங்கள் சங்கத்துக்கோ கடைக்கோ பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். தேவையில்லாத தலைப்பு என்றால் அதை வைக்கவே வேண்டாம்.

மந்திரவாதி என்ன ஆனான் என்கிறீர்களா? இரண்டு ஈட்டி வீரர்களை முன்னால் நிறுத்தி, அவனைப் பின்னால் வைத்து விளையாடினான் பையன். அவர்களில் ஒருவன் காயம்பட்டால் பின்னால் இழுத்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து மந்திரவாதியை அடிக்க விட்டான். நான்காவது தடவை மந்திரவாதி பிழைத்துக்கொண்டான். முடித்ததும் பைலை சேவ் செய்ய மறக்காதீர்கள்.