பக்கவாதமா? தைலத்தைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்!

"காலையில கை விழுந்துச்சு டாக்டர். தைலம் தேய்ச்சுப் பார்த்தோம், கேக்கலை" என்று சாயங்காலம் பெரியவரைத் தூக்கி வருவார்கள். சித்த வைத்தியனான எனக்கே மனசு பதறும். பொன்னான நேரம் போய்விட்டதே!

பக்கவாதம் பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருகிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிவதாலும் வரும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். நாடி பிடித்தும் பிரிக்க முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். அதற்கு முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து!

அடைப்பு என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. 3 மணி நேரத்துக்குள் போட்டால் ஊனமின்றி மீள்பவர்கள் அதிகம் என்று, 624 பேரிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு 1995-ல் காட்டியது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாயில் அடைப்பென்றால், உள்ளே மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை எடுத்துவிடுவது பலன் தரும் என்று 2015-ல் வந்த ஆய்வுகள் நிரூபித்தன. எதுவானாலும் சீக்கிரம் போனால்தான் முழுப் பலன்.

வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்... திடீரென்று இதில் ஒன்று வந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தானாகவே சரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயில் காபி, தண்ணீர் எதுவும் ஊற்ற வேண்டாம்.

தொக்கணமும் தைலமும் எங்கே போகப்போகிறது? ஆபத்து தாண்டியபின், ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.