மிச்சம் யாருக்கு?

கேள்வி: நம் கடலில் வெளிநாட்டுக் கப்பல்கள் மீன் பிடிக்கலாமா? – வாசகர், வடக்கனந்தல்

பதில்: அனுமதியில்லாமல் முடியாது. கரையிலிருந்து 12 கடல் மைல்வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. அதைத் தாண்டி 200 கடல் மைல்வரை (சுமார் 370 கிலோமீட்டர்) மத்திய அரசுடையது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, பிடிக்கலாம் என்று வரையறுத்த அளவில் நம்மால் பிடிக்க முடிந்தது போக மிஞ்சுவதைத்தான் பிறருக்குத் தர வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோமுகி அணைப் பாசனம் மாதிரிதான்: நம் வயல் பாய்ந்தபின்தான் அடுத்தவருக்கு மடை திறப்போம்.

சிக்கல், மிச்சத்தை அளப்பதில். மிச்சம் உண்டென்று 1991இல் மத்திய அரசு ஆழ்கடலில் வெளிநாட்டுக் கூட்டு முயற்சிக் கப்பல்களை அனுமதித்தபோது மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். இதை ஆராய அரசு அமைத்த முராரி குழு, அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. மிச்சக் கணக்கை, வலை இழுப்பவரைக் கேட்காமல் எழுதக்கூடாது.