மொட்டை மாடித் திருகாணி

அன்புள்ள தங்கைக்கு,

சென்னையின் பாடியில் 1966-இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஆலையால் திருகாணித் தொழிலில் பெயர்பெற்ற அம்பத்தூர் வட்டாரத்தில், வண்டி எஞ்சினைப் பல்லாண்டுகள் தளராமல் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உருவாகின்றன. அதே வட்டாரத்து மொட்டை மாடிகளில் தகரக் கூரையைப் பிடித்திருக்கும் திருகாணிகளோ சில மழைக்காலங்களிலேயே துருநீர் வடிக்கின்றன. வலிமையும் துரு தாங்கும் திறனும் வெவ்வேறு குணங்கள் என்பது வாங்கும்போது மறக்கப்படுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், அது குறைந்தது 800 மெகாபாஸ்கல் இழுவிசை வரை அறுபடாது என்றும், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிலையாக நீண்டுவிடாது என்றும் பொருள். துருவைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. துருவைத் தடுப்பது துத்தநாகப் பூச்சு. இரும்புக்கு முன்பாகத் தான் கரைந்து இரும்பைக் காக்கும் உலோகம் அது என்பதால், பூச்சின் தடிமனே ஏறக்குறைய அதன் ஆயுளாகிறது. மின்முலாம் பூசிய பளபளப்பான திருகாணியில் அந்தத் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு உட்பட்டது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, மங்கிய சாம்பல் நிற போல்ட்டிலோ 40 மைக்ரானையும் தாண்டும். கடையில் இரண்டுமே ‘ஜி.ஐ.’ என்றே விற்கப்படுவதுண்டு. மாடிக்கு அழகற்றதே ஏற்றது.

எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகில், ஏ2 என்ற குறி குரோமியமும் நிக்கலும் கலந்த 304 வகையையும், ஏ4 என்பது அவற்றோடு மாலிப்டினமும் சேர்ந்து உப்புக்காற்றை மேலும் தாங்கும் 316 வகையையும் சுட்டும். எண்ணூர்க் கடலோர வீட்டுக்கு ஏ4 தேவைப்படலாம். கடலிலிருந்து உள்ளடங்கிய ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அதன் கூடுதல் விலை பெரும்பாலும் வீண்செலவு. எஸ்.எஸ். தொட்டியிலோ தாங்கியிலோ சாதாரணத் துத்தநாகத் திருகாணியை முறுக்குவதுதான் பெரும் பிழை: ஈரம் பட்டதும் இரு உலோகங்களும் மின்கலம்போல் இயங்கி, பரப்பில் சிறியதான திருகாணி வேகமாக அரிக்கப்படுகிறது. எஸ்.எஸ். மறையை எஸ்.எஸ். போல்ட்டில் வேகமாக முறுக்கினால் புரிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும் என்பதால், சிறிது கிரீஸ் தடவி மெதுவாக முறுக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கின் பகை நீரன்று, வெயில். மாடியில் கம்பிகளைக் கட்டும் கேபிள் டை பெரும்பாலும் நைலான் 66 என்ற பொருளால் ஆனது. சூரியனின் புற ஊதாக் கதிர் அதன் நெடிய மூலக்கூறுச் சங்கிலிகளை அறுப்பதால், வெள்ளை டை மாடியில் வெடித்து உதிர்கிறது. கார்பன் கரி கலந்த கறுப்பு டை அக்கதிரை உறிஞ்சி நெடுநாள் நிற்கும்; வெறும் சாயம் ஏற்றிய கறுப்பில் அந்தப் பயன் இராது என்பதால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரியது என்று உறையில் அச்சிட்டிருப்பதை நீ பார்த்தே வாங்க வேண்டும். மேலும், நைலான் வளைந்துகொடுப்பதற்குச் சிறிது ஈரம் வேண்டும். உறையைத் திறந்து கத்திரி வெயிலில் போட்டுவைத்த டை, இழுத்துக் கட்டும்போதே முறிவதற்கு அதுவே காரணம்.

வெயில் எட்டாத சுவருக்குள் அதே நைலான் நீண்டகாலம் உழைக்கிறது. ஜெர்மானியர் ஆர்டுர் ஃபிஷர் 1958-இல் வடிவமைத்த நைலான் பிளக், திருகாணி நுழைய நுழைய விரிந்து துளையின் பக்கங்களை இறுகப் பற்றுகிறது. ஆனால் உள்ளீடற்ற சுவர்க்கல்லிலும் உதிரும் சுவர்ப்பூச்சிலும் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. தலைக்கு மேல் தொங்கும் மின்விசிறிக்கோ, காங்கிரீட்டில் பதித்த இரும்புக் கொக்கியைத் தவிர வேறெதையும் நம்பலாகாது.

அன்புடன்,
அண்ணன்