நம்பிக்கைகளும் உண்மைகளும்: செண்பகத்தோப்பு அணிலின் கொடிவழி

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்களும், லீவு விட்டால் சிவகாசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்க வருகிறவர்களும் அந்த உருவத்தைப் பார்த்திருப்பார்கள். மரத்துக்கு மரம் தாவும் பெரிய சாம்பல் நிற அணில். உடல் ஓரடிக்கு மேல், வாலும் ஏறத்தாழ அதே நீளம். இதற்காகவே 1988-ல் செண்பகத்தோப்பை உள்ளடக்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்தது. இவ்வளவு பேர் பெற்ற உயிரைப் பற்றி நம்மிடையே உலவும் எண்ணங்களில் பல தவறானவை. எது ஒரு சிற்றினம், எதை வைத்து அதைப் பிரிக்கிறார்கள் என்ற அடிப்படை தெரியாததுதான் காரணம்.

நம்பிக்கை: இது நம் வீட்டு அணிலின் பெரிய வடிவம், இரண்டும் நெருங்கிய சொந்தம்.

உண்மை: சொந்தம்தான், ஆனால் மிகத் தூரத்துச் சொந்தம். 2003-ல் ஜான் மெர்சரும் லூயிஸ் ராத்தும் உலகின் அணில் பேரினங்கள் அனைத்தையும் அநேகமாக உள்ளடக்கி, மரபணுக்களை ஒப்பிட்டுக் கொடிவழி வரைந்தார்கள். ராட்டுஃபா என்ற பெரிய அணில்களின் கிளை, அணில் குடும்பம் தோன்றிய தொடக்க காலத்திலேயே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்துவிட்டது என்று அது காட்டியது. வேப்பமரத்திலிருந்து இறங்கி முற்றத்தில் அரிசி பொறுக்கும் நம் அணில் வேறொரு கிளை. இமயமலையில் வளை தோண்டி வாழும் மர்மோட் அதற்கு நெருங்கிய உறவு. செண்பகத்தோப்பின் பெரிய அணில் அதைவிடத் தூரம். தோற்றத்தை மட்டும் பார்த்து ஒருவரும் இதை யூகித்திருக்க முடியாது. ஊரில் ஒரே சாயலில் இருவர் இருந்தால் அவர்கள் பங்காளிகள் ஆகிவிடுவார்களா? பாட்டன், பூட்டன் யார் என்று கேட்டுத்தானே பங்காளி முறை சொல்கிறோம். உயிரியலாளர்கள் கேட்பதும் அதே கேள்விதான்.

நம்பிக்கை: நிறம் வேறு என்றால் சிற்றினமும் வேறு.

உண்மை: இலங்கையின் ஈரக்காடுகளில் கருப்பு முதுகும் வெளிர் வயிறுமாக ஒரு பெரிய அணில் உண்டு. அங்கேயே வறண்ட பகுதியில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றென்று சொல்ல மனம் வராது. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் அணிலின் சிற்றினமான ராட்டுஃபா மேக்ரௌராவே. துணைச் சிற்றினம் மட்டும்தான் வேறு.

மறுபக்கமும் உண்டு. முதுகில் மூன்று கோடு கொண்ட அணில் என்றால் நமக்கு ஒன்றுதான். ராமர் தடவிக் கொடுத்த கதையோடு மனத்தில் பதிந்த அணில் அது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதே மூன்று கோட்டோடு காட்டு அணில் என்ற தனிச் சிற்றினம் வாழ்கிறது. உயர்ந்த ஈரக்காடுகளில் மங்கிய கோடுகள் கொண்ட மூன்றாவது ஒன்றும் உண்டு. கோட்டை எண்ணிச் சிற்றினம் சொல்ல முடியாது.

நம்பிக்கை: கூடிக் குட்டி போட்டால் ஒரே சிற்றினம், போடாவிட்டால் வேறு.

உண்மை: பள்ளிப் பாடத்தில் படித்தது இது. 1942-ல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் தெளிவாக வரையறுத்த கருத்து, இன்றும் பயன்படுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. பாக்டீரியா இணை சேர்வதில்லை. புதைபடிவங்களைச் சேர்த்து வைத்துச் சோதிக்க வழியில்லை. நடுவில் கடலோ மலைக் கணவாயோ இருந்தால் இரு கூட்டங்கள் சந்திப்பதே இல்லை.

பனிக்கரடியும் பழுப்புக் கரடியும் இயற்கையில் கூடிப் பிறந்த கலப்புக் கரடி 2006-ல் கனடாவில் உறுதி செய்யப்பட்டது. அதற்காக இரண்டையும் ஒன்றென்று யாரும் சேர்த்துவிடவில்லை. இவை தனித்தனிக் கால்வழிகளாக, தனித்தனி வாழ்முறையோடு நீண்ட காலம் நடந்து வந்தவை. எப்போதாவது நடக்கும் கலப்பு அந்த வழிகளை ஒன்றாக்கிவிடவில்லை. சிற்றினம் என்பது தனக்கென்று ஒரு பாதையில் பரிணமித்துக்கொண்டிருக்கும் கால்வழி என்று கெவின் டி கெய்ரோஸ் போன்ற உயிரியலாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான். கலப்பு நிற்பது, உருவம் மாறுவது, மரபணு விலகுவது எல்லாம் அந்தப் பிரிவுக்கான சான்றுகள். எல்லாச் சான்றும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

இத்தனை சதவீதம் மரபணு வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்ற கணக்கும் கிடையாது. அலாஸ்காவின் சில தீவுகளில் வாழும் பழுப்புக் கரடிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தால், அவை மற்றப் பழுப்புக் கரடிகளைவிடப் பனிக்கரடிக்கு நெருக்கம் போலத் தெரியும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. பழைய கலப்பின் சுவடு அதில் தங்கிவிட்டது. உட்கரு மரபணுவைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் அவை பழுப்புக் கரடிகளே என்று தெளிந்தது. ஒரே ஒரு மரபணுவை வைத்து அறிவிக்கப்படும் ‘புதிய சிற்றினங்களை’ நான் கொஞ்சம் பொறுத்துத்தான் ஏற்பேன். மண்டை ஓட்டு அளவு, குரல், வாழிடம், பல மரபணுக்கள் என்று எல்லாம் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

நம்பிக்கை: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் தனித்தனிச் சிற்றினங்கள்.

உண்மை: இல்லை. மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள். 2005-ல் அஞ்சல் தலையில் இடம் பிடித்த ராஜபாளையமும் தெருவில் திரியும் நாயும் ஒரே சிற்றினமே. வளர்ப்பவர் கவனம் தளர்ந்தால் சில தலைமுறைகளில் ரகம் கலந்து கரைந்துவிடும். அதனால் அவற்றின் மதிப்புக் குறையாது. காப்பாற்ற வேண்டிய அவசரம்தான் கூடுகிறது.

நம்பிக்கை: இலங்கையிலும் இதே அணில் இருக்கிறது, இங்கே குறைந்தால் என்ன?

உண்மை: இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. பாக் நீரிணை ஆழமற்றது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். இலங்கையின் வறண்ட காட்டு அணிலும் நம்முடையதும் ஒரே துணைச் சிற்றினமாக வைக்கப்பட்டிருப்பது இதோடு பொருந்துகிறது. அதே நீரிணையின் இருபுறமும் வாழும் மங்கிய கோட்டு அணிலின் கதை வேறு. நெடுங்காலம் ஒன்றாகக் கருதப்பட்டதை 2012-ல் திசாநாயக்கவும் ஒஷிதாவும் மரபணுவையும் உடலமைப்பையும் ஆராய்ந்து இரண்டாகப் பிரித்தார்கள். இலங்கையில் உள்ளது இப்போது தனிச் சிற்றினம். தரைவழி திறந்திருந்த காலத்திலும் ஈரக்காட்டு அணிலுக்கு நடுவில் கிடந்த வறண்ட சமவெளியே தடையாக இருந்திருக்கும் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒரே கடல், இரண்டு அணில், இரண்டு விடை. ஒவ்வொன்றையும் தனியாக ஆராயாமல் ‘அங்கே இருக்கிறதே’ என்று சொல்லிவிட முடியாது. நம் சாம்பல் நிற அணில் இந்தியாவில் ஸ்ரீவில்லிபுத்தூர், கேரளத்தின் சின்னார், பழனி மலை, சிறுமலை, கர்நாடகத்தின் காவிரிக் கரை என்று துண்டு துண்டான காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கடல் ஏறி இலங்கையோடு தொடர்பு அறுந்தது போல, இந்தத் துண்டுகளுக்கு இடையிலும் தொடர்பு அறுகிறது. இந்த முறை காரணம் நாம்.

இந்த அணில் தரையில் இறங்குவது அரிது. கிளை வழியாகவே போகும். எனவே செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் அடிவாரத்தில் மா, புளி, தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோப்பைக் கழிக்கும்போது காட்டோரத்து மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்படி விட்டுவையுங்கள். மலைக்கு வருகிறவர்கள் அணிலுக்குத் தீனி போடாதீர்கள்.