பெயிண்ட் வாளியில் ஒரு தூள் பிரிப்பான்

திருத்தணி மலைக்கு 365 படி. எங்கள் தெருவில் நாற்பது வருடம் இழைப்புளி பிடித்த ஆசாரி ஒருவர், போன ஆடிக் கிருத்திகைக்கு ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்ந்தார். "தூள் தம்பி, வேறென்ன" என்றார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது 1995-இல். வீட்டுப் பட்டறைகளில் இன்றும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை நடக்கிறது.

வேக்குவம் கிளீனர் மட்டும் இருந்தால் போதாது. எம்டிஎஃப் பலகையைச் சாண்டரில் தேய்த்தால், பத்து நிமிடத்தில் ஃபில்டர் அடைத்து இழுப்பு செத்துவிடும். நடுவில் ஒரு வாளி வேண்டும். காற்று அதற்குள் சுற்றும்போது தூள் ஓரத்துக்கு ஒதுங்கிக் கீழே இறங்கும். காற்று மட்டும் நடுவழியாக மெஷினுக்குப் போகும்.

20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, 40 மி.மீ. பிவிசி பைப், ஒரு எல்போ, 12 மி.மீ. ப்ளைவுட், சிலிகான். வாளி இரண்டு எதற்கு? ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுங்கள். ஹோஸ் அடைத்தால் ஒற்றை வாளி உள்ளே நசுங்கிவிடும்.

தூளைக் கீழே அடக்க வாளிக்குள் ஒரு தட்டு தொங்கவேண்டும். அதைப் பலர் முழு வட்டமாக வெட்டிவிடுகிறார்கள். அது தப்பு. விளிம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு 28 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எடுங்கள்; தூள் விழுவது அந்த இடைவெளியில்தான். வெட்டாத மீதிப் பங்கு வாளிச் சுவரை ஒட்டி, தூள் நுழையும் எல்போ வாய்க்கு நேர் கீழே வரவேண்டும். எல்போ வாய் சுவரைத் தழுவித் திரும்பியிருக்கட்டும். நடுப் பைப் தட்டுக்கு 20 மி.மீ. மேலே முடியட்டும்.

இனி மூடி. நான் பார்த்த பத்துப் பிரிப்பானில் எட்டு இங்கேதான் தோற்றது. பெயிண்ட் மூடியில் எம்-சீல் அப்பினால் அன்றைக்குக் கல் மாதிரி நிற்கும். மூடி நெளியும் சாமான். இரண்டு நாளில் பெயர்ந்துவிடும். அந்தப் பிளாஸ்டிக்கில் பசை எதுவுமே சரியாகப் பிடிக்காது. மூடிமேல் ப்ளைவுட் வட்டம் ஒன்றை வைத்து, இடையில் சிலிகான் தடவி, கீழிருந்து வாஷரோடு ஸ்க்ரூ போடுங்கள். பைப் ஓட்டையைக் கொஞ்சம் இறுக்கமாகவே வெட்டி, அரைவட்ட அரத்தால் ராவிப் பொருத்துங்கள். பைப்பைப் பிடிக்கவேண்டியது மரம். சிலிகான் காற்றை அடைக்க மட்டும்தான். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிற வாளியாகவே பார்த்து வாங்குங்கள். தின்னரில் கழுவி அந்த வளையத்தை ஊதவைத்துவிட்டால் வாளியே வீண்.

இவ்வளவு கெடுபிடி எதற்கென்றால், மூடியோரம் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து, அடங்கிய தூளைக் கிளப்பி மேலே கொண்டுபோய்விடும். மறுபடி ஃபில்டர் அடைப்பு, மறுபடி "இது வேலைக்காகாது" என்ற பேச்சு.

சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். வாளி காலியாக, பக்கத்தில் தூளே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். மெஷினை ஓடவிட்டு, மூடி விளிம்பைச் சுற்றியும் பைப் அடியிலும் புகையைக் காட்டுங்கள். ஒழுகும் இடத்தில் புகை நூல் மாதிரி வளைந்து உள்ளே போகும். ஹோஸ் வாயை மட்டும் விட்டுத் தள்ளியே பிடியுங்கள். பத்தியை அணைத்த பிறகு, உள்வழி ஹோஸை உள்ளங்கையால் இரண்டு நொடி அடையுங்கள். மெஷின் சத்தம் கீச்சென்று ஏறினால் மூடி சரி.

ஹோஸ் பைப்புக்குத் தளர்ந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். அடாப்டர் தேடி அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் அலையவேண்டாம்.

வாளி பாதி நிறைந்ததும் கொட்டிவிடுங்கள்; தட்டுவரை ஏறவிடாதீர்கள். மிக நுண்ணிய தூள் இதையும் தாண்டிப் போகும், அதனால் மெஷினில் நல்ல ஃபில்டரும் முகத்தில் என்95 மாஸ்க்கும் கட்டாயம். கொட்டும்போதும் மாஸ்க்கைக் கழற்றவேண்டாம். வேம்பு, மாமரத் தூளைத் தோட்டத்தில் போடலாம். ப்ளைவுட், எம்டிஎஃப் தூளில் பசை இருக்கிறது. அதை மாட்டுக் கொட்டகைக்கோ அடுப்புக்கோ கொடுத்துவிடாதீர்கள்.