முதுகில் விண்ணோடம்: மாதிரி செய்ய வரும் இளையவர்களுக்கு

நாசா போயிங் 747 விமானத்தின் முதுகில் விண்ணோடத்தை ஏற்றிப் பல ஆண்டுகள் ஊர் ஊராகக் கொண்டுபோனது. அந்த இரண்டையும் சேர்த்து 1/144 அளவில் மாதிரியாகச் செய்ய ஆசைப்பட்டு, கிட்டில் இல்லாத பாகங்களைத் தாங்களே கணினியில் வரைந்து ரெசினில் முப்பரிமாண அச்செடுக்கத் துணியும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அசல் விமானத்தில் ஒரு பாகம் எதற்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகே அதை வரையுங்கள். கீழே உள்ள எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

1. முதலில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

"747-உம் விண்ணோடமும்" என்று பொதுவாக ஒரு மாதிரி செய்ய முடியாது. 1977 ஆகஸ்ட் 12 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்கு மேலே, ஃபிரெட் ஹெய்ஸும் கார்டன் ஃபுல்லர்டனும் ஓட்டிய எண்டர்பிரைஸ் என்ற விண்ணோடம் முதன்முறையாக 747-இன் முதுகைவிட்டுப் பிரிந்து சறுக்கி வந்து இறங்கியது. பறக்கும்போதே பிரிய வேண்டும் என்பதால் விண்ணோடம் மூக்கை நன்றாக உயர்த்தி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அதன் இறக்கைக்குப் போதிய தூக்குவிசை கிடைக்கும். ஆகவே 747-இன் முதுகில் அதைத் தாங்கிய கால்களில் முன் தாங்குகால் உயரமானது. இந்தச் சறுக்கல் சோதனைகள் முடிந்து விண்ணோடத்தை வெறும் சுமையாக ஏற்றிப்போன காலத்தில் குட்டையான கால் வந்தது. நாசா 905 என்ற அந்த 747 விமானம் 1974-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸிடமிருந்து வாங்கப்பட்டது. பழைய நிறுவனத்தின் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் 1983 வரை அதன் உடலில் இருந்தன. வெள்ளை உடலும் நீலப் பட்டையும் அதற்குப் பிறகு வந்தவை. வெள்ளை 747-இன் மேல் உயரமான கால் வைத்த மாதிரி, எந்த நாளிலும் பறக்காத ஒரு விமானம்.

இரண்டாவது விமானம் நாசா 911. அது ஜப்பான் ஏர்லைன்ஸிலிருந்து வந்தது. 905-இன் மேல்தளத்தில் பக்கத்துக்கு இரண்டு சன்னல். 911-இல் பக்கத்துக்கு ஐந்து. 2012 ஏப்ரல் 17 அன்று டிஸ்கவரி விண்ணோடத்தை வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனது 905. இந்த அளவு விவரமாகத் தேதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. 747-100 கிட்தான் வேண்டும்.

நாசாவின் இரண்டு விமானங்களும் அந்த வகைதான். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 747-400 உதவாது. அதன் மேல்தளம் நீளமானது. இறக்கை நுனிகள் மேல்நோக்கி மடிந்திருக்கும்.

3. அசலின் அளவையும் கிட்டின் அளவையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அசல் 747-100-இன் நீளம் 70.66 மீட்டர், 144-ஆல் வகுத்தால் 49 செ.மீ. விண்ணோடம் 37.24 மீட்டர், மாதிரியில் ஏறத்தாழ 25.9 செ.மீ. ஆனால் நீங்கள் வரையும் பாகம் கையில் இருக்கும் பிளாஸ்டிக்கில்தான் பொருந்தியாக வேண்டும். கிட்டின் உடற்பகுதி அரை மில்லிமீட்டர் தடித்திருந்தால் உங்கள் பாகமும் அதற்கு இசைய வேண்டும். வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்குங்கள். முதுகின் வளைவை அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்த அட்டையை ஸ்கேன் செய்து அதன்மேல் வரையுங்கள்.

4. புகைப்படத்தில் அளவெடுக்கும்போது ஒரே தளத்தில் அளவெடுங்கள்.

பக்கவாட்டில் தொலைவிலிருந்து பெரிய லென்ஸால் எடுத்த படமே நம்பத் தகுந்தது. அதிலும்கூட கேமராவுக்கு அருகில் இருக்கும் எஞ்சின் பெரிதாகத் தெரியும். முன் தாங்குகால் உடலின் நடுக்கோட்டில் இருக்கிறது. எனவே நடுக்கோட்டில் உள்ள நீளத்தை, அதாவது விண்ணோடத்தின் நீளத்தை, அளவுகோலாக வையுங்கள். 905 இப்போது ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் நிற்கிறது. அதன் மேல் இருக்கும் 'இண்டிபெண்டன்ஸ்' மட்டும் மாதிரி ஓடம்; கீழே உள்ள 747 அசல். 911 பாம்டேலில் இருக்கிறது. இரண்டையும் பார்வையாளர்கள் கிட்டே நின்று எடுத்த படங்கள் ஏராளம்; அவற்றை நுணுக்கம் பார்க்க வையுங்கள், அளவெடுக்க வேண்டாம்.

5. தாங்குகால்களுக்கு அதிக நேரம் கொடுங்கள்.

விண்ணோடம் மூன்று இடங்களில் 747-உடன் பிணைக்கப்பட்டது: முன்னே ஒன்று, பின்னே இரண்டு. ஏவும்போது பெரிய எரிபொருள் தொட்டியோடு விண்ணோடத்தைப் பிணைத்த அதே மூன்று இடங்கள். பொறியாளர்கள் விண்ணோடத்தின் வயிற்றில் புதிதாக ஓட்டை போடவில்லை, இருப்பதைப் பயன்படுத்தினார்கள். இது தெரிந்தால் விண்ணோட மாதிரியின் வயிற்றில் எங்கே துளையிட வேண்டும் என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது பலம். கால்கள் அசலில் மெல்லிய குழாய்களாலும் குறுக்குத் தண்டுகளாலும் ஆனவை. 144-இல் ஒரு பங்காகச் சுருங்கியதும் அவை ஊசிபோல் ஆகிவிடும். அவ்வளவு மெல்லிய ரெசின், பாரத்தைச் சுமந்து அலமாரியில் நின்றால் நாளடைவில் வளையும், பிறகு நொறுங்கும். எனவே பாரத்தைப் பித்தளைக் கம்பி சுமக்கட்டும். ரெசின் வடிவத்தை மட்டும் தரட்டும். கம்பி விமானத்தின் முதுகைத் துளைத்து உள்ளே இறங்கி, உடலுக்குள் குறுக்கே ஒட்டிய தடித்த பிளாஸ்டிக் தகட்டில் நிற்க வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே இந்தத் தகட்டை வைத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு உள்ளே கை போகாது. விண்ணோடத்தின் பக்கம் பசை வேண்டாம். கம்பி நுனியில் கழற்றி மாட்டும்படி விடுங்கள். எடுத்துப்போகும்போது உடையாது.

6. வால்கூம்பு உள்ளே குடைவாக இருக்கட்டும்.

விண்ணோடத்தின் பின்புறம் மூன்று பெரிய எஞ்சின்களோடு மொட்டையாக முடிகிறது. காற்று அங்கே சுழன்று 747-இன் வாலை உலுக்கும்; இழுவையும் கூடும். அதைத் தணிக்கத்தான் ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள கூம்பைப் பின்னால் மாட்டினார்கள். மாதிரியில் அது 7.6 செ.மீ. திடமாக அச்செடுத்தால் பின்பாரம் கூடி விமானம் வாலில் குந்திவிடும். 1.5 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்து, ரெசின் வடிய இரண்டு துளை வைத்து அச்செடுங்கள். 747-இன் மூக்கில் எடை வைப்பதை உடலை மூடும் முன் சோதியுங்கள். 1977-இன் கடைசி இரண்டு சறுக்கல்களில் கூம்பு இல்லாமலே எண்டர்பிரைஸைப் பறக்கவிட்டார்கள். அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தால் கூம்பு வேலை இல்லை, எஞ்சின் வேலை உண்டு.

7. வால் இறக்கை நுனியின் நிமிர்ந்த தகடுகள்.

விண்ணோடம் கலைத்துவிட்ட காற்றில் 747-இன் நிமிர்ந்த வால் மட்டும் விமானத்தை நேராக வைத்திருக்கப் போதவில்லை. கலையாத காற்று கிடைக்கும் இடமாகப் பார்த்து, கிடைவால் இறக்கையின் இரு நுனிகளிலும் தகடு வைத்தார்கள். நேராக வைத்திருப்பதே அவற்றின் வேலை என்பதால், மாதிரியில் அரை டிகிரி சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். ஒன்றை வரைந்து மறுபக்கத்துக்குக் கண்ணாடிப் பிரதி எடுங்கள். தனித்தனியாக வரையாதீர்கள்.

8. அச்சு வேலை.

முதலில் 20 மி.மீ. சதுரக் கட்டை ஒன்றை அச்செடுத்து அளந்து, உங்கள் ரெசின் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். பொருந்தும் இடங்களில் 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள். அச்சாகும்போது பாகத்தைத் தாங்கும் முட்டுகளை வெளியே தெரியாத பக்கம் வையுங்கள். கையுறை போடாமல் திரவ ரெசினைத் தொடாதீர்கள். சன்னல் திறந்த அறையில்தான் அச்செடுங்கள். தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்து உப்புத்தாள் போடுங்கள். அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

9. சின்ன எழுத்துகளையும் விடாதீர்கள்.

905-இன் தாங்குகாலில், விண்ணோடத்தை இங்கே பொருத்து, கறுப்புப் பக்கம் கீழே என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். மாதிரியில் அதைப் படிக்க முடியாது. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு டெக்கால் வையுங்கள். அங்கே வேலை செய்தவர்கள் விட்டுப்போன கையெழுத்து அது.

10. முழு மாதிரியையும் ஒரே மூச்சில் வரைய உட்காராதீர்கள். இந்த வாரம் முன் தாங்குகாலை மட்டும் வரைந்து, அச்செடுத்து, கம்பி செருகி, கிட்டின் முதுகில் நிறுத்திப் பாருங்கள். அது நேராக நின்று விண்ணோடத்தைச் சுமந்தால் அடுத்த பாகத்துக்குப் போங்கள்.